சேலம்–கோவை பத்து நிமிடப் பறப்பு அல்ல

"சேலத்திலிருந்து கோவைக்கு வான்வழி 140 கி.மீ., விமான வேகம் 800, பத்தே நிமிடம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தூரம் சரிங்க, நேரம்தான் தப்பு. சேலத்துக்கு வந்துபோவது ஏடிஆர் வகைச் சிறிய விமானம். மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான் பறக்கும். அதுவும் உயரத்துக்குப் போய் நிலைத்த பிறகு. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரத்தை ஒட்டிவரும். அப்புறம், சேலம் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. வடக்கே ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்கள் இந்தப் பத்து நிமிடக் கணக்கை நம்பிவிடாதீர்கள். சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் காரில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.