உள்விட்டத்தை முதலில் அளந்து பாருங்கள்
தண்ணீர் ஓடும் குழாயின் சுவர் உராய்வை அளப்பது பற்றிய ஒரு கட்டுரை, அதில் வரும் பிழைக்கு மானோமீட்டரையே (அழுத்த வேறுபாட்டைக் காட்டும் கருவி) குறை சொல்கிறது, எனக்கு அது சரியாகப் படவில்லைங்க. கோவையில் பம்பு சோதனை மேடையில் பல வருஷம் நின்றவன் நான். உராய்வுக் குணகத்தை, அதாவது உராய்வு எவ்வளவு என்று சொல்லும் எண்ணை, கணக்கிடும்போது குழாயின் விட்டம் ஐந்தாம் அடுக்கில் வருகிறது, அதனால் பைப்பில் அச்சடித்த அளவை அப்படியே போட்டு, உள்விட்டம் 2 சதவீதம் பிசகினால் விடை சுமார் 10 சதவீதம் பிசகிவிடும். அப்புறம் அழுத்தம் எடுக்கத் துளை போட்ட இடத்தில் உள்ளே நிற்கும் பிசிறு, அதைக் கட்டாயம் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஓட்டம் கலைந்து அளவு தப்பாக வரும். அந்தத் துளையை மானோமீட்டரோடு இணைக்கும் டியூபில் காற்றுக்குமிழி இருந்தாலும் அதே கதைதான். தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்: 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனாலே பாகுநிலை (தண்ணீர் ஓடுவதற்குக் காட்டும் உள் எதிர்ப்பு) சுமார் 20 சதவீதம் குறைகிறது, ஒரே தொட்டித் தண்ணீரை மதியம் வரை சுற்றவிட்டால் அது சூடேறி, காலையில் எடுத்த அளவோடு ஒத்துவராது.