திருப்பூரில் சபை நாட்ட வரும் தம்பிகளுக்கு

வேதாகமக் கல்லூரி முடித்த தம்பிகள் சிலர் இந்த வருடமும் போன் செய்தார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, திருப்பூர்ல எந்த ஏரியா காலியா இருக்கு?" ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஊழியத்தில் இருக்கும் மூத்தவர்களும் படியுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

காலியான ஏரியா என்று திருப்பூரில் எதுவும் இல்லை. அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், மங்கலம் ரோடு, தாராபுரம் ரோடு, எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடை மாடியிலோ தகர ஷெட்டிலோ ஒரு சபை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் சொந்த ஊரைக் கேட்டால் நாசரேத், சாயர்புரம், தென்காசிப் பக்கம் என்பார்கள். பாட்டன் காலத்திலேயே ஆலயத்துக்குப் போய் வந்த குடும்பங்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு சபை வேண்டும். பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்த பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொள்வது மிக நல்ல ஊழியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை "புதிய சபையை ஸ்தாபித்தோம்" என்று வருட அறிக்கையில் எழுதுவது சரியாகப் படவில்லை. அடுத்த தெரு சபையில் மனஸ்தாபப்பட்டு வந்த நாலு குடும்பத்தை வைத்து ஆரம்பிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, எதைச் சபை நாட்டுவது என்பது? நான் விசுவாசிப்பது இதுதான்: பாஸ்டர் இல்லாத வாரத்திலும் அந்த ஜனங்கள் கூடி ஜெபித்து, வசனத்தைத் திறந்து, ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டால் அங்கே ஒரு சபை வேர் பிடித்திருக்கிறது. அதுவரைக்கும் நடப்பது கூட்டம். கூட்டம் தவறு இல்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம்.

இந்த ஊரின் ஓட்டம் தெரியாமல் இங்கே ஊழியம் செய்ய முடியாது. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் பவர் டேபிளில் தைக்கிறவருக்கும் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கிறவருக்கும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். அதை வாங்கி, மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்த்து, ஊருக்குப் பணம் போட்டு, ஒரு வாரத் துணியைத் துவைத்துக் காயப்போடும்போது நடுராத்திரி ஆகிவிடும். அவசர ஆர்டர் என்றால் ஞாயிறும் அரை நாள் வேலை. இப்படிப்பட்டவர்களுக்கு அதிகாலை ஐந்து மணிக்கு ஜெபம் என்று அறிவித்துவிட்டு, வராதவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று பிரசங்கம் பண்ணுவது அநியாயம். நாங்கள் ஞாயிறு சாயங்காலமும் ஓர் ஆராதனை வைத்திருக்கிறோம். தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, முகம் தெளிந்து வருகிறார்கள். வசனம் காதில் விழுகிறது.

அப்புறம் ஸ்பீக்கர். முப்பது பேர் உட்காரும் அறைக்கு இரண்டு பெரிய பாக்ஸ் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே வரம்பு வைத்திருக்கின்றன. சட்டம் கிடக்கட்டும். பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து ஒருவர் தூங்குகிறார். அவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவருக்கே போய் இளைப்பாறுதலைப் பற்றிச் சொல்ல முடியுமா?

கொங்கு நாட்டு வீடுகளில் வாசலில் நிற்கிறவரை "வாங்க" என்று அழைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரியத்தைக் கேட்பார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து, மழை, வாய்க்கால் தண்ணீர், மஞ்சள் விலை என்று நாலு வார்த்தை பேசாமல் எடுத்த எடுப்பில் கைப்பிரதியை நீட்டுகிறவரை அவர்கள் மரியாதையாகவே அனுப்பிவிடுவார்கள். மறுபடி அந்த வாசலில் பேச ஒன்றும் இருக்காது. ஈரோட்டில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் ஊழியர் ஹெர்பர்ட் பாப்லியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். நம் சங்கீதத்தை ஊன்றிக் கற்று, காலட்சேப முறையில் வேதாகமச் சரித்திரங்களைப் பாடிச் சொன்னவர் அவர். இந்திய இசையைப் பற்றி 1921-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார், குறளின் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கடல் கடந்து வந்தவர் அத்தனை பாடுபட்டுக் கற்றிருக்கிறார். நெல்லையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் வந்து சேர்கிற நாம், இங்கே இருப்பவர்களும் தமிழர்கள்தானே, கற்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கிராமப்பக்கம் போகிறவர்களுக்கு இதைவிடக் கனமான ஒரு காரியம் இருக்கிறது. அவிநாசி, பெருந்துறை, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஜெபவீடு ஊருக்குள் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா என்பதை வைத்தே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் நம்மை முதலில் வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பது காலனி மக்கள்தான். பிறகு ஊருக்குள்ளிருந்து இரண்டு குடும்பம் விருப்பம் காட்டும்போது, "அவங்களுக்குத் தனியா ஒரு கூடுகை வெச்சிடலாமே பாஸ்டர்" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் தம்பி, அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதே. கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தபோது பவுல் எத்தனை கடுமையாக எழுதினார் என்று பாருங்கள். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண மனம் வராதவர்களுக்காகத் திருவிருந்தை இரண்டாகப் பிரித்தால், எதை அறிவிக்கப் போனோமோ அதையே நம் கையால் மறுதலிக்கிறோம். ஐந்து பேரோடு நின்றாலும் ஒரே பாயில் உட்காரும் ஐந்து பேரோடு நில்லுங்கள்.

திருப்பூர் சபையின் இன்னொரு குணம், ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது வேலை இழந்த குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அது இந்த மண்ணுக்கும் ஆற்றுக்கும் வேண்டிய உத்தரவு. ஆனால் லைன் வீடுகளில் பூட்டுத் தொங்கியது. 2020 ஊரடங்கில் மறுபடியும் அதே காட்சி. சாதாரண வருடத்திலேயே தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் பலர் திரும்புவதில்லை. பாடுபட்டு வளர்த்த ஆத்துமாக்கள் கையை விட்டுப் போகிறார்களே என்று சோர்ந்து, ஊழியத்தையே விட்டுவிட்ட போதகர்களை எனக்குத் தெரியும்.

அவர்களிடம் நான் சொல்வது வேதாகமத்தில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளைப் பற்றித்தான். கிலவுதியுராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னதால் கொரிந்துவுக்கு வந்த புருஷனும் மனைவியும். கூடாரத் தொழிலாளிகள். பவுல் அவர்கள் வீட்டில் தங்கி, அதே வேலையைச் செய்தார். அப்புறம் எபேசுவுக்குப் போனார்கள், அவர்கள் வீட்டில் சபை கூடியது. மறுபடி ரோமாபுரிக்குப் போனார்கள், அங்கும் அவர்கள் வீட்டில் சபை கூடியது. வேலைக்காக ஊர் ஊராய்ப் போகிற ஒரு தொழிலாளிக் குடும்பம் போன இடத்திலெல்லாம் சபையையும் கொண்டுபோயிருக்கிறது. பிலிப்பி சபையின் முதல் வீடும் தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீடுதான். துணியும் சாயமும் ஊர் விட்டு ஊர் போதலும் தெரிந்த திருப்பூர்க்காரனுக்கு இதற்கு வியாக்கியானமே வேண்டாம். நம் ஜனங்கள் போவார்கள். போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஒரு போதகரின் பெயரையும் சில பாட்டுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது. ஊரில் தாய் தகப்பனோடு உட்கார்ந்து ஒரு அதிகாரத்தை வாசித்து விளக்குகிற தைரியத்தோடு போக வேண்டும்.

எங்கள் சபையில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா புதன்கிழமை தோறும் லைன் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். அவிநாசிப் பக்கத்துக்காரர், எட்டாவது வரை படித்தவர். ஒருநாள் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்கப் பிசிறு வெட்டிச் சிவந்திருந்த விரலை வரிக்கு அடியில் வைத்து அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தார். எபேசு சபை மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற இடம் வந்ததும் நிறுத்தி, சுற்றி இருந்த பிள்ளைகளைப் பார்த்து, "பவுலய்யா கப்பலேறிப் போயிட்டாருங்கல்ல, அடுத்த வாரம் அங்க ஆரு பேசியிருப்பாங்க கண்ணு?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண், "அழுதவங்கதாங்க்கா பேசியிருப்பாங்க" என்றாள். நான் கலந்துகொண்ட எந்தச் சபை வளர்ச்சிக் கருத்தரங்கிலும் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்பு டோர்ணக்கலில் பேராயராக இருந்தபோது, ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத தெலுங்குக் கிராமத்துக் கூலிக்காரர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பட்டம் வாங்கியவர் வரும்வரை காத்திருக்கும்படி அவர் யாருக்கும் சொல்லவில்லை.

இனி போதகனின் வளர்ச்சி. இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. சபை வளரும்போது போதகனுக்குள் ஏதாவது வளர்கிறதா என்று கேட்க ஒருவர் வேண்டும். எனக்கு ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். "இந்த மாசம் எத்தனை பேர் வந்தாங்க" என்று அவர் கேட்பதே இல்லை. "வீட்ல சம்சாரத்துகிட்ட எப்படிப் பேசுறீங்க? பிரசங்கத்துக்கு இல்லாம உங்களுக்காக எப்ப வாசிச்சீங்க?" என்பார். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராகிற ஒவ்வொரு முறையும் என் ஊழியம் ஒழுங்குக்கு வருகிறது. உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் சபையைச் சேராதவராகவும், உங்களிடம் எதையும் எதிர்பார்க்காதவராகவும் இருப்பது நல்லது.

காணிக்கையை இரண்டு பேர் எண்ணட்டும், அதில் போதகன் ஒருவராக இருக்க வேண்டாம். மாதக் கடைசியில் கணக்கை எல்லோர் முன்னும் வாசித்துவிடுங்கள். பீஸ் ரேட்டில் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்தவர்கள் அதைக் கேட்க உரிமை உள்ளவர்கள்.

மற்றொருவர் பிரசங்கம் பண்ணும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, குறிப்பெடுத்துக் கேட்கப் பழகுங்கள். நம்மிடம் படித்த ஒரு டெய்லர் தம்பி நம்மைவிட நன்றாக வசனத்தைப் பிட்டுக்கொடுக்கும்போது நெஞ்சில் சின்னதாக ஒன்று முள்போல் குத்தும். அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, அந்தத் தம்பிக்கு அடுத்த மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். ஊழியத்தில் நான் வளர்ந்தது இந்தக் கடைசி வரிசையில்தான் அதிகம்.

இப்போது எங்கள் பகுதியில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிறு மத்தியானம் எங்கள் ஹாலிலேயே தங்கள் மொழியில் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவனே நடத்துகிறான், நான் உட்கார்ந்து கேட்கிறேன். அவர்களுக்கு ஒடியா வேதாகமங்கள் இன்னும் கொஞ்சம் தேவை. மாதம் ஒருமுறையாவது வந்து அவனோடு உட்கார்ந்து வசனத்தைப் படித்துக்கொடுக்க ஒடியா நன்றாகத் தெரிந்த ஒரு ஊழியரும் தேவை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் அப்படி யாராவது இருந்தால் உள்பெட்டியில் தகவல் அனுப்புங்கள்.