டிஸ்கவுண்ட் கார்டும் 'மூஞ்சியத் தூக்கி வச்ச' சர்வரும்

நேத்துலேர்ந்து எல்லாரும் ஷேர் பண்ற அந்த ஓட்டல் பில் பதிவைப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். என் நட்புப் பட்டியல்லயே நாலஞ்சு பேர் அதுக்கு ஹார்ட்டு விட்டிருக்கீங்க, அதனால பேசிடறேன். "கார்டை நீட்டினதும் சர்வர் மூஞ்சி மாறிடுச்சு, ஆஃபர்ல சாப்பிடறவன்னா இளக்காரமா?"ன்னு கேட்டு, கூடவே பில் ஃபோட்டோ. அதுல அந்தப் பையன் பேர் பளிச்சுன்னு தெரியுது. கார்டு நம்பர்ல கடைசி நாலு இலக்கத்தை மட்டும் கறுப்படிச்சு மறைச்சிருக்கார். எதை மறைக்கணும்னு நல்லாத் தெரிஞ்சவர்தான்.

முதல்ல ஒண்ணு. உங்க டிஸ்கவுண்ட் மேல, சர்வர் வேலை பாக்கற எங்களுக்கு எந்தக் காண்டும் இல்ல. அது முதலாளிக்கும், ஆஃபர் குடுக்கற ஃபோன் ஆப் கம்பெனிக்கும், பேங்குக்கும் நடுவுல இருக்கற கணக்கு. 2019 ஆகஸ்ட்ல "இந்தத் தள்ளுபடி கட்டுப்படியாகல"ன்னு ஆப்லேர்ந்து லாக் அவுட் பண்ணிப் போராடினது ஓட்டல் முதலாளிங்க, சர்வருங்க இல்ல. சொமாட்டோ ஆப்போட 'கோல்டு' மெம்பர்ஷிப்ல ஒண்ணுக்கு ஒண்ணு ஃப்ரீன்னு ஓடின காலத்துல, அந்த ஃப்ரீ பிரியாணியையும் நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். ஃப்ரீங்கறதால தட்டு வெயிட்டு குறையல.

எங்க வருத்தம் வேற. நீங்க சாப்பிட்டது முழுசா. நாங்க பரிமாறினதும் முழுசா. டிப்ஸ்னு வரும்போது மட்டும் ஏன் குறைஞ்ச பில்லைப் பாக்கறீங்க?

குறைஞ்ச பில்லுக்காவது வெச்சா சந்தோஷம்தான். இப்போ நிறைய ஆஃபர் ஆப் வழியாப் பணம் கட்டினாத்தான் விழும். முன்னாடி 1,840 ரூபா பில்லுக்கு ரெண்டாயிரத்தை ஃபோல்டர்ல வைப்பாங்க. மீதிச் சில்லறை சோம்புத் தட்டோட திரும்பிப் போகும், அதுல ஒரு பகுதியாவது தட்டுலயே தங்கும். இப்போ அதே பில் ஆஃபர் போக 1,383 ரூபா 50 பைசான்னு ஃபோன்லயே பைசா சுத்தமா முடிஞ்சிடுது. டிப்ஸ் வேணாம்னு யாரும் முடிவு பண்ணல, பர்ஸைத் திறக்கற வேலையே இல்லாமப் போச்சு. அது எனக்குப் புரியுது. ஆனா மிச்சமான 450 சொச்சம் ரூபாய்ல ஒரு அம்பது ரூபா கூடவா உங்களுக்குக் கனக்குது?

உடனே வருவீங்க, தெரியும். "சர்வீஸ் சார்ஜ்தான் வாங்கறீங்களே?" எல்லா இடத்துலயும் வாங்கறதில்ல, நான் வேலை பாக்கற கடையில அது கிடையவே கிடையாது. கேக்காம பில்லுல சேக்கக்கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொன்னது. ஓட்டல் சங்கங்க டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய், 2025 மார்ச்ல கோர்ட்டும் ஆணையம் சொன்னதுதான் சரின்னுடுச்சு. நல்ல தீர்ப்பு, எனக்கு மறுப்பில்ல. அன்னிக்கு என் டைம்லைன் முழுக்க ஒரே கொண்டாட்டம், "இனிமே பிடிச்சிருந்தா நாங்களே சர்வர் கையில குடுப்போம்"னு. சரி, அந்தக் கை எங்க? நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்.

"ஜப்பான்ல டிப்ஸே கிடையாதே." ஆமா. ஜப்பான்ல யாரும் விரல் சொடுக்கி "டேய் தம்பி தண்ணி"ன்னு கூப்பிடறதும் இல்ல. ரெண்டையும் சேத்தே இறக்குமதி பண்ணுங்க.

"சம்பளம் குடுக்க வேண்டியது முதலாளி, நாங்க ஏன் குடுக்கணும்?" நியாயமான கேள்வி. ஒருநாளாவது அதை எங்க முதலாளிகிட்டக் கேட்டிருக்கீங்களா? என்கிட்ட மட்டும்தானே கேக்கறீங்க.

ஒரு டேபிள் கதை சொல்றேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி, பதினோரு பேர், பிறந்தநாள். கேக் வெட்டி, க்ரீமைப் பூசி, அது சோஃபாவுல, சுவத்துல எல்லாம். குழந்தை சூப்பைக் கொட்டிச்சு, குழந்தைன்னா கொட்டத்தான் செய்யும், தொடைச்சேன். பாட்டிம்மாவுக்கு மட்டும் வெந்நீர், அதுவும் தொண்டைக்கு இதமா, ஆறினா மாத்தி. எல்லாம் முடிஞ்சு பில் வெச்சேன். "மூணு கார்டு இருக்கு, மூணு பில்லாப் போட்டுருப்பா"ன்னார் பார்ட்டி குடுத்தவர். ஒவ்வொரு கார்டுக்கும் குறைஞ்சது 2,000 ரூபா பில் இருந்தாத்தான் ஆஃபர். அடிச்ச பில்லைப் பிரிக்கணும்னா மேனேஜர் பாஸ்வேர்ட் வேணும். அவரைத் தேடிப் பிடிச்சு, கவுண்டர்ல நின்னு கோபி மஞ்சூரியனை முதல் பில்லுலேர்ந்து எடுத்து மூணாவதுல சேக்கறோம். அங்க 40 ரூபா இடிக்குது. ரெண்டு ஐஸ்கிரீமை இந்தப் பக்கம் தள்ளறோம். பின்னாடி மூணு டேபிள் பில்லுக்குக் காத்திருக்கு. கடைசியில ஒரு கார்டுக்கு ஆஃபர் விழல, ஏன்னா அது சனி ஞாயிறு செல்லாது. அவங்க பேங்க் அவங்களுக்கு அனுப்பின நிபந்தனை, படிக்காதது நானாம். "ஏமாத்துக்காரப் பசங்க"ன்னு அந்தப் பாட்டிம்மா காது கேக்கவே சொன்னார்.

டிப்ஸ்? வெக்கல. மறுநாள் ரெண்டு ஸ்டார் வெச்சார். 'சர்வருக்குச் சிரிக்கத் தெரியாது' அப்படின்னு ஒரு வரி. அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம்ல ஒட்டினாங்க. எல்லாருக்கும் பாடமாம்.

சிரிக்கணுமாம். காலையில பதினோரு மணிக்கு நிக்க ஆரம்பிச்சா மூணரைக்குத்தான் பிரேக். மறுபடி ஆறரைக்கு நின்னா கடை மூடற வரைக்கும். பிரேக் டூட்டின்னு பேர்தான், நடுவுல வீட்டுக்குப் போய் வர முடியாது, நாப்கின் மூட்டை மேலதான் படுக்கை. பத்தரை மணிக்கு கார்டு மெஷினைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறவன் முகம் தொங்கினா அது உங்க ஆஃபரைப் பாத்துத்தான்னு எப்படி முடிவு பண்றீங்க? கால் வலியா இருக்கும்னு ஏன் தோணமாட்டேங்குது?

அப்புறம், டிப்ஸ் பரிமாறினவன் பாக்கெட்டுக்கே போகுதுன்னு நினைக்காதீங்க. எங்க கடையில எல்லாம் உண்டியலுக்குத்தான். வாரக் கடைசியில பிரிச்சா தட்டெடுக்கற மணிப்பூர் தம்பிக்கும், பின்னாடி பாத்திரம் கழுவற அக்காவுக்கும் பங்கு உண்டு. அந்தத் தம்பியைப் பாத்து ஒருத்தர் தமிழ்ல அசிங்கமாத் திட்டினார். புரியாம "தேங்க்யூ சார்"னு சிரிச்சான். அவனுக்கு மட்டும் அன்னிக்கு அஞ்சு ஸ்டார், 'ஃப்ரெண்ட்லி'ன்னு. உங்களுக்கு வேண்டிய சிரிப்பு அதுதானா?

"டிப்ஸ் பிச்சையா உரிமையா"ன்னு பட்டிமன்றம் நடத்த வராதீங்க. உரிமைன்னு நான் எங்கயும் சொல்லல. குடுக்காதீங்க, பரவால்ல, எத்தனையோ பேர் குடுக்காமலே "நல்லா கவனிச்சீங்க"ன்னு பேரைக் கேட்டுச் சொல்லிட்டுப் போறாங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பேரை பில்லுல பாத்து ஃபேஸ்புக்ல போடறவங்களைப் பத்தித்தான் பேசறேன். அந்தப் பையனோட முதலாளியும் ஃபேஸ்புக்ல இருப்பார்னு யோசிச்சீங்களா, இல்ல அதுக்காகத்தான் போட்டீங்களா?

ஹார்ட்டு விட்ட நாலஞ்சு பேரும் எங்க கடைக்கு வந்து சாப்பிட்டவங்கதான். நான்தான் பரிமாறினேன். ரெண்டு பேர் ஆஃபர்லதான் சாப்பிட்டாங்க, மூஞ்சி மாறிச்சான்னு அவங்களே சொல்லட்டும்.

டூட்டிக்கு நேரமாச்சு. திட்டறவங்க திட்டி வைங்க, மூணரைக்கு மேல வந்து பதில் சொல்றேன்.