6,500 பேரும் அரங்கம் கட்டியா இறந்தார்கள்?

‘கத்தாரில் உலகக் கோப்பை கால்பந்து அரங்கங்களைக் கட்டும்போது 6,500 தொழிலாளர்கள் இறந்தார்கள்’ என்ற தகவல் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண் பொய்யல்ல, அதோடு ஒட்டவைத்த காரணம்தான் தவறு.

2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட கணக்கு அது. போட்டியை நடத்தும் உரிமை கிடைத்த 2010-க்குப் பின், இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுத் தொழிலாளர்கள் கத்தாரில் இறந்த மொத்த எண்ணிக்கை. அதில் 2,711 பேர் இந்தியர்கள். யார் என்ன வேலை பார்த்தார்கள் என்ற பிரிவு அதில் இல்லை.

‘பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை’ என்று கிளம்புகிறவர்களும் சற்றுப் பொறுக்கட்டும். அரங்கப் பணியில் வேலை காரணமாக இறந்தவர்கள் 3 பேர்தான் என்று சொல்லிவந்த ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலாளர் ஹசன் அல் தவாதியே, 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் 400 முதல் 500 வரை என்றார். அது அரங்கப் பணிக்கு மட்டுமல்ல, நாடு முழுவதும் எல்லாத் துறைகளிலும் வேலை காரணமாக இறந்தவர்களின் கணக்கு என்று குழு பிறகு விளக்கம் கொடுத்தது.

துல்லியமான எண் ஏன் இல்லை? இறப்புச் சான்றிதழைப் பார்த்தால் புரியும். பெரும்பாலானவற்றில் ‘இயற்கை மரணம்’ என்று இரண்டே சொற்கள். பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் கிடையாது. கடும் வெயிலில் உழைத்த இளைஞனின் இதயம் ஏன் நின்றது என்று அந்தக் காகிதம் சொல்லாது.