குறுகிய சந்தில் ஒரு பெரிய சண்டை

பழைய ஹாங்காங் குங்ஃபூ படங்களைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று கேள்விகளில் வந்து நிற்கும். யார் வேகம்? யாருக்கு நிஜமாகவே வித்தை தெரியும்? புரூஸ் லீயும் ஜாக்கி சானும் மோதினால் யார் ஜெயிப்பார்? விடிய விடிய ஓடும், முடிவுக்கு வராது. எனக்கு இந்த வாக்குவாதத்தில் ஒரு நாளும் ஆர்வம் வந்ததில்லை. நாம் திரையில் பார்ப்பது ஒரு ஸ்டண்ட் மாஸ்டர் உட்கார்ந்து யோசித்து, ஆட்களை வைத்து ஒத்திகை பார்த்து, துண்டு துண்டாக எடுத்துக் கோத்த காட்சி. அதனால் அவரைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்த அடி ஏன் இந்த இடத்தில் விழுகிறது, அந்த ஆள் ஏன் அங்கே பின்வாங்குகிறான் என்று பேச வேண்டும்.

அப்படிப் பேசினால் என் கணக்கில் முதலிடம் ஸ்டண்ட் மாஸ்டரும் இயக்குநருமான லாவ் கார்-லியுங்குக்கு. நம்மூரில் குங்ஃபூ என்றாலே இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுவதால் இவரைப் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 1978-ல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அருமையான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் சண்டைக் காட்சியை எப்படிக் கட்ட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த தெளிவு முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் 1981-ல் வந்த 'மார்ஷியல் கிளப்' பார்க்க வேண்டும். குறிப்பாக அதன் கடைசிச் சண்டை.

தெற்குச் சீனாவின் குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹங்கின் இளம் வயது வேடத்தில் கோர்டன் லியு. வடக்கிலிருந்து வந்த ஆசானாக வாங் லுங்-வெய். இருவரும் ஒரு சந்தில் மோதுகிறார்கள். ஆரம்பத்தில் கையை வீச இடமிருக்கிறது. கால்களை அகட்டி நிலை எடுக்கலாம், காலைச் சுழற்றி உதைக்கலாம். உள்ளே போகப் போகச் சந்து குறுகுகிறது. வீசிய கை சுவரில் முட்டுகிறது. அகட்டிய கால்களை ஒடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய அடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், உள்ளங்கை என்று சின்ன அடிகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் நெஞ்சுக்கு நெஞ்சாக நிற்கிறார்கள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இடமே இல்லை. அங்கேயும் சண்டை நிற்பதில்லை. சுவரையே துணைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றி எதிராளியை மடக்குகிறார்கள்.

கேமரா பதறுவதில்லை. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை ஃப்ரேமுக்குள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்பும் எதற்கான தடுப்பு என்று குங்ஃபூவின் அரிச்சுவடி தெரியாதவருக்கும் புரிகிறது. ரத்தம் இல்லை, மரணம் இல்லை. ஒருவர் திறமையை இன்னொருவர் தெரிந்துகொண்டு மரியாதையோடு பிரிகிறார்கள். இத்தனை வருடம் பார்த்த குங்ஃபூ படங்களில் இதைவிட நல்ல சண்டையை நான் பார்க்கவில்லை.

லாவ் என்ன செய்கிறார் என்று கவனித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படும். சண்டை போடுபவரிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். இந்தச் சந்தில் அகலத்தைப் பிடுங்கிக்கொண்டார். மிச்சத்தை வைத்துச் சமாளி என்று விட்டுவிட்டார். கபடியில் ஏறிப் பாடுகிறவனுக்கு மூச்சு ஒரு எல்லை, கோடு ஒரு எல்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் தள்ளுமுள்ளு. லாவின் சண்டைகளிலும் அந்த எல்லைதான் ருசி.

1979-ல் வந்த 'டர்ட்டி ஹோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் அவர் பிடுங்கிக்கொண்டது சண்டை போடும் உரிமையையே. கோர்டன் லியு மாறுவேடத்தில் சுற்றும் இளவரசர். அவரைக் கொல்ல நினைக்கிறவர்கள் மது ருசி பார்க்க அழைக்கிறார்கள். விருந்து கொடுப்பவர் அதே வாங் லுங்-வெய். தாங்கள் அடித்துக்கொள்வதை இரண்டு தரப்புமே ஒப்புக்கொள்ள முடியாது. ஆகவே உபசாரம் நடக்கிறது. கோப்பையை நீட்டுவதுபோல் ஒரு குத்து, நன்றி சொல்லி வாங்குவதுபோல் ஒரு தடுப்பு. மேஜைக்கு மேலே முகத்தில் சிரிப்பும் மதுவின் மணம் பற்றிய பேச்சும், மேஜைக்குக் கீழே கால்களின் யுத்தமும். அதே படத்தில் தனக்கு வித்தை தெரியும் என்பதை மறைக்க, நடிகை காரா ஹுய்யைப் பின்னாலிருந்து பொம்மையாட்டம் ஆட்டி, அவள்தான் அடிக்கிறாள் என்று எதிரியை நம்ப வைப்பார் இளவரசர். காமெடிதான், ஆனால் ஒவ்வொரு அசைவும் உண்மையான தற்காப்பு அசைவு. ஒரு கை பிசகினாலும் காட்சி குலைந்துவிடும்.

1978-ல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' படத்தில் அவர் எடுத்துவிட்டது கொலையை. சீனக் கணவன், ஜப்பானிய மனைவி, அவளுக்காக ஜப்பானிலிருந்து வந்து சவால் விடும் ஆசான்கள். வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி, நுஞ்சாக்கு என்ற இரட்டைக் கோலுக்கு மூன்று துண்டுக் கோல், கராத்தேவுக்குக் குடிகாரன் பாணி என்று வரிசையாகப் போட்டிகள். படம் முழுக்க ஒரு உயிர் போவதில்லை. அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் ஜப்பானியர் என்றாலே பெரும்பாலும் வில்லன்தான். அந்தச் சூழலில் தோற்றவனுக்கும் மரியாதை கொடுத்து ஒரு படத்தை முடிக்க மனசு வேண்டும்.

இந்த மனசு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் அவர் குடும்பத்தில் இருக்கிறது. வோங் ஃபெய்-ஹங் நிஜ மனிதர், தெற்குச் சீனாவின் புகழ்பெற்ற ஆசான், வைத்தியர். அவருடைய சீடர் லாம் சாய்-விங். லாம் சாய்-விங்கின் சீடர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் லாவ் கார்-லியுங். ஹங் கார் என்ற பாணி கை மாறிக் கை மாறி அவரிடம் வந்தது. கோர்டன் லியுவும் லாவ் சாமிடம் கற்று அந்தக் குடும்பத்தின் பெயரையே எடுத்துக்கொண்டவர். 1949-ல் க்வான் டாக்-ஹிங் நடிப்பில் தொடங்கிய வோங் ஃபெய்-ஹங் படங்கள் எழுபதுக்கும் மேல் போயின. அவற்றில் துணை நடிகராகவும் சண்டை அமைப்பவராகவும் வேலை செய்துதான் லாவ் தொழில் கற்றார். அப்புறம் ஹாங்காங்கின் பெரிய ஸ்டுடியோவான ஷா பிரதர்ஸில், இன்னொரு ஸ்டண்ட் மாஸ்டரான டோங் காயோடு சேர்ந்து, இயக்குநர் சாங் செவின் படங்களுக்கு வருடக்கணக்கில் சண்டை அமைத்தார். சாங் செவுக்கு வேண்டியது ரத்தமும் வீர மரணமும். குடல் சரிந்த பிறகும் பத்து பேரை வெட்டிவிட்டுத்தான் நாயகன் விழுவான். 1975-ல் லாவ் தானே இயக்குநரானதும் அவர் படங்களில் சாவு குறைந்து வித்தை முன்னுக்கு வந்தது. தன் குடும்பத்தின் கலை கொலைத் தொழிலாகத் தெரியக்கூடாது என்று நினைத்தவர் எடுத்த படங்கள் இவை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சரி, எதிர்த் தரப்புக்கு வருகிறேன். "இவர் சண்டை மெதுவாக இருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஆடும் டான்ஸ் மாதிரி இருக்கிறது" என்பது நான் அதிகம் கேட்ட குறை. தாளம் இருப்பது உண்மைதான். அடி, அடி, அடி, ஒரு கண நிறுத்தம், மறுபடி அடி. அந்த நிறுத்தம் சீன ஓபரா மேடையிலிருந்து வந்தது. அங்கே நடிகர் தாளக் கருவிகளின் ஓசைக்கு நிலை எடுத்து நிற்பார், பார்ப்பவர் மூச்சு விட்டுக்கொள்வார். ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ் மூவரும் யு ஜிம்-யுவென் நடத்திய ஓபரா பள்ளியில் அடி வாங்கி வளர்ந்தவர்கள். அவர்கள் சண்டையிலும் அதே தாளம்தான், வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். அந்த நிறுத்தத்தில்தான் இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அதை வெட்டி எறிந்தால் கிடைப்பது இன்றைய பல படங்களில் வரும் குலுங்கும் கேமராவும் அரை நொடி ஷாட்டுகளும். யார் யாரை அடித்தார் என்றே தெரியாமல் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறை கிளம்ப இன்னொரு காரணமும் உண்டு. இதை யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஷா பிரதர்ஸ் படங்கள் அகன்ற திரைக்காக எடுக்கப்பட்டவை. இடது ஓரத்தில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர், நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் சண்டையின் பதற்றம். வீடியோ கேசட் காலத்தில் இதைச் சதுர டிவிக்கு ஏற்ப இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்கள். அடிக்கிறவர் தெரிவார், வாங்குகிறவர் ஃப்ரேமுக்கு வெளியே. ஈட்டியின் பிடி தெரியும், முனை தெரியாது. நிறம் வெளுத்து, டப்பிங்கும் தாறுமாறாகி, உலகம் முழுக்க ஒரு தலைமுறை இந்தப் படங்களை அப்படித்தான் பார்த்தது. செலஸ்டியல் பிக்சர்ஸ் நிறுவனம் ஷா பிரதர்ஸின் எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களை வாங்கி, புதுப்பித்து, 2002 முதல் வெளியிட்ட பிறகுதான் முழுச் சட்டகம் திரும்பக் கிடைத்தது. முன்பு பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் தயவுசெய்து அந்தப் பிரதியில் இன்னொரு முறை பாருங்கள்.

இன்னொரு பெரிய விவாதம் 1994-ல் வந்த 'டிரங்கன் மாஸ்டர் 2'. இயக்கம் லாவ், நாயகன் ஜாக்கி சான். இருவருக்கும் சண்டை அமைப்பில் ஒத்துப்போகாமல், படம் முடியும் முன்பே லாவ் விலகினார். தொழிற்சாலையில் நடக்கும் கிளைமாக்ஸை ஜாக்கி எடுத்தார். ஆகவே ஒரே படத்தில் இரண்டு பள்ளிகளையும் அருகருகே பார்க்கலாம். ரசிகர்களில் பெரும்பான்மை கிளைமாக்ஸ் பக்கம். அதில் வில்லனாக வரும் கென் லோவின் கால்களை மறக்க முடியாது. ஒற்றைக் காலில் நின்றபடி மற்றக் காலைக் கீழே இறக்காமலே முகம், நெஞ்சு, தொடை என்று மாறி மாறி உதைப்பார். ஜாக்கி நிஜமாகவே கனன்ற கரியின் மேல் விழுந்து புரண்டார். அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனாலும் என் ஓட்டு படத்தின் தொடக்கத்தில் வரும் சண்டைக்கு. லாவே நடிக்கிறார், அறுபதை ஒட்டிய வயது. அவரும் ஜாக்கியும் நிற்கும் ரயிலுக்கு அடியில், ஈட்டியும் வாளுமாக, குந்தியபடி மோதுகிறார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். நீளமான ஆயுதத்தைச் சுழற்ற வழியில்லை, குத்தவும் இழுக்கவும்தான் முடியும். மார்ஷியல் கிளப்பில் அகலத்தை எடுத்தவர் இங்கே உயரத்தை எடுத்துவிட்டார். கிளைமாக்ஸில் ஜாக்கி எவ்வளவு தாங்குகிறார் என்று பார்க்கிறோம். ரயிலுக்கு அடியில் இரண்டு பேரும் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இது லாவின் தனிச்சொத்து என்று நான் சொல்ல வரவில்லை. சாமோ ஹங்கின் 'தி ப்ராடிகல் சன்' (1981) படத்தில் லாம் சிங்-யிங் ஓபராவில் பெண் வேடம் கட்டும், விங் சுன் என்ற குங்ஃபூ பாணியின் ஆசான். ஆஸ்துமாக்காரர். சண்டை உச்சத்தில் இருக்கும்போது மூச்சுத் திணறல் வந்துவிடும். எதிராளி அடிப்பதை நிறுத்திவிட்டு, குணமானதும் சண்டையைத் தொடரலாம் என்பார். அந்த ஒரு நிறுத்தத்தில் இரண்டு பேருடைய குணமும் தெரிந்துவிடுகிறது. 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' (1984) படத்தில் ஜாக்கிக்கும் கிக் பாக்ஸர் பென்னி உர்கிடெஸுக்கும் நடக்கும் சண்டையை, உதையின் காற்றில் மெழுகுவர்த்திகள் அணைவதற்காகவே கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. நடுவில் ஜாக்கி கொஞ்சம் நிதானித்து, உடம்பைத் தளர்த்தி, இதைப் பயிற்சி மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடம். அதற்கப்புறம் அவருடைய அடிகளே மாறிவிடும்.

லாவ் தன் வழியை உடைத்துக்கொண்டு போன படமும் ஒன்று உண்டு. 1984-ல் வந்த 'எயிட் டயக்ராம் போல் ஃபைட்டர்'. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1983 ஜூலையில், அதன் நட்சத்திரம் அலெக்சாண்டர் ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்தார். வயது 28. கதையை மாற்ற வேண்டியிருந்தது. அவர் பாத்திரம் பாதியோடு காணாமல் போகிறது. துரோகத்தில் குடும்பத்தை இழந்து மடத்தில் தஞ்சம் புகுந்த கோர்டன் லியுவின் தோளில் மொத்தப் படமும் விழுகிறது. அந்த மடத்தில் துறவிகள் மர ஓநாய்களின் பல்லைக் கோலால் தட்டிப் பயிற்சி எடுப்பார்கள். கொல்லாதே, பல்லை மட்டும் பிடுங்கு என்பது அவர்கள் கொள்கை. கிளைமாக்ஸில் அடுக்கி வைத்த சவப்பெட்டிகளின் மேல் சண்டை நடக்கிறது. அங்கே அந்தக் கொள்கை மனிதர்கள்மேல் நிறைவேறுவதைப் பார்க்க மனத்திடம் வேண்டும். மரியாதை, புன்னகை, கைகூப்பு எல்லாம் போய்விட்டது. கோல்கள் இடிக்கும் சத்தத்தில் வெறும் கோபம் கேட்கிறது.

பல ரசிகர்கள் லாவின் படங்களில் இதைத்தான் உச்சம் என்பார்கள். உச்சமாக இருக்கலாம், ஆனால் இதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 'மார்ஷியல் கிளப்', அடுத்து 'டர்ட்டி ஹோ', நேரமிருந்தால் 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்'. யாரையும் சாகடிக்காமல் சண்டை எடுத்த மனிதரை நன்றாகப் பழகிக்கொண்டு, அப்புறம் இந்தப் படத்துக்கு வாருங்கள்.