நோயாளி திருவனந்தபுரத்தில், ரிப்போர்ட் மார்த்தாண்டத்தில்

மார்த்தாண்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, அதுக்கும் மேல திருவனந்தபுரம். குமரி மாவட்டத்துல நிலைமை மோசமான பலரும் போற வழி இதுதான். ஆளோட சேர்ந்து, மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமியும் போகுது. அதைப் பத்தின தகவல் மட்டும் போறதில்லை.

ரத்தம், மூத்திரத்துல இருக்கிற கிருமியை வளர்த்து, அதுக்கு எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிறது கல்ச்சர் டெஸ்ட். அந்த ரிப்போர்ட் முழுசா வர 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நோயாளி களியக்காவிளை தாண்டியிருப்பார். மெரோபெனம்ங்கிற வீரியமான ஆன்டிபயாட்டிக் 'கேட்காது'ன்னு சொல்ற காகிதம் முதல் ஆஸ்பத்திரி லேபிலேயே கிடக்கும். புது இடத்துல அதே மெரோபெனத்தைத் தொடங்கி, அங்கேயும் முதல்ல இருந்து கல்ச்சர். ஏற்கெனவே ஊசி ஏறின உடம்பு, 'நோ குரோத்' (எதுவும் வளரலை)னு வரலாம். கிருமி இல்லைன்னு அதுக்கு அர்த்தமில்லை.

அதனால மாத்தும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதிக் கேளுங்க: ஆன்டிபயாட்டிக்கோட பேர், அளவு, முதல் டோஸ் போட்ட தேதி, கல்ச்சர் எதுல எடுத்தாங்க, எப்போ எடுத்தாங்க, யூரின் டியூப் போட்ட தேதி. 'ஆன்டிபயாட்டிக்ஸ் கிவன்'ங்கிற ஒத்தை வரி யாருக்கும் உதவாது. லேப் போன் நம்பரையும் வாங்கி வச்சு, மூணாம் நாள் நீங்களே கூப்பிட்டுக் கேட்டு, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல வாங்கி டாக்டர்கிட்ட காட்டுங்க.

கல்ச்சர் எடுக்கிற விதத்துலயும் கோளாறு நடக்கும். பெரியவங்களுக்கு ரத்தம் ரெண்டு இடத்துல குத்தி எடுக்கணும், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. முதல் டோஸுக்கு முன்னாடி எடுக்கிறதுதான் முறை. ஆனா பிரஷர் இறங்கிக் கிடக்கிறவருக்கு இதைச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மூத்திரத்தை யூரின் பேக்ல இருந்து பிடிச்சுக் கொடுத்தா அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. டியூபில் அதுக்குன்னே உள்ள இடத்தைத் துடைச்சு சிரிஞ்சில் எடுக்கணும். டியூப் போட்டு ரெண்டு வாரம் தாண்டியிருந்தா, புதுசு மாத்தி அதுல இருந்து.

அந்த டியூப்தான் கிருமிக்குப் பெரிய வாசல். கிடக்கிற ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு மூத்திரத்துல கிருமி சேரும். ஒரு மாசம் ஆனா ஏறக்குறைய எல்லாருக்கும். குளத்துப் படியில பாசி பிடிக்கிற மாதிரி உள்சுவர்ல படலம் கட்டிக்கும், அதுக்குள்ள மருந்து சரியா இறங்காது. காய்ச்சலோ வேற தொந்தரவோ இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் கிருமி தெரிஞ்சா, பெரும்பாலும் மருந்தே வேண்டாம். அதுக்கு 'நல்ல வீரியமானதாப் போடுங்க டாக்டர்'னு கேட்டு வாங்குறவங்களை என்ன சொல்ல? அந்த வீரியமான ஆன்டிபயாட்டிக் வரிசையில கடைசிப் பக்கம் நிக்கிற கோலிஸ்டின் கிட்னியைப் பாதிக்கக் கூடிய மருந்து.

ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது பேக்கை நோயாளி வயித்து மேல வைக்கிறது வழக்கமாப் போச்சு. தேங்கின மூத்திரம் அப்படியே திரும்ப உள்ளே இறங்கும். ஏத்துறதுக்கு முன்னாடி காலி பண்ணி, ஸ்ட்ரெச்சர் பக்கக் கம்பியில இடுப்புக்குக் கீழே தொங்க விடுங்க, தரையில படாம. டியூபும் பேக்கும் சேர்ற இடத்தைக் கழட்டாதீங்க. காலி பண்ண பக்கத்து பெட்காரங்க மக்கைக் கடன் வாங்காதீங்க. நம்ம ஊர் தாராள மனசு கிளெப்சியல்லா மாதிரி ஆஸ்பத்திரிக் கிருமிக்கு நல்ல வசதி. முன்னும் பின்னும் கை கழுவணும், சோப்புன்னா 40 விநாடிக்குக் குறையாம.

தினமும் ரவுண்ட்ஸ்ல கேளுங்க: 'இந்த டியூப் இன்னைக்கும் வேணுமா டாக்டர்?' மூத்திரம் அடைச்சிருக்கு, மணிக்கணக்கா அளவு பார்க்கணும், சில ஆபரேஷன் — இதெல்லாம் காரணம். துணி மாத்த ஆள் இல்லைங்கிறது காரணம் இல்லை. அதுக்கு டயப்பர் இருக்கு.