கண்ணகி நகருக்கு வண்ணம் வந்தாயிற்று, நிழல் எப்போது?

சென்னையில் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை கண்ணகி நகருக்குள் நடந்து பாருங்கள். அதுவும் சித்திரை வெயிலில். 2020-இல் தெருவோவிய அமைப்பான ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து வரைவித்த சுவரோவியங்கள் மாடி உயரத்துக்கு நிற்கின்றன. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிப்பார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் ஓவியம் நினைவுக்கு வருவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தச் சுவர்களுக்குக் கீழே வெறும் கான்கிரீட். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டைக் கட்டடங்கள் ராத்திரியில்தான் வெளியே விடும். கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொண்டால், ஒற்றை அறை வீட்டில் மின்விசிறி வெக்கைக் காற்றைத்தான் சுற்றிவிடும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அரசே அறிவித்துவிட்டது. அப்படியானால் நிழலும் நிவாரணம்தானே?

அதே 2020-இல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி ஒரு மியாவாக்கி குறுங்காடு, அதாவது மரங்களை நெருக்கி நட்டு உண்டாக்கும் சின்னக் காடு, வளர்த்தது. நல்ல வேலை. ஆனால் கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி வளாகமும் பக்கத்திலேயே இருக்கிற பகுதி அது. நிழல் இருக்கிற இடத்துக்கே மேலும் நிழல் போவதுதான் என்னை உறுத்துகிறது.

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி, தம் ஊர்க் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த பழங்காடுகளைப் பார்த்துத்தான் இந்த முறையை வகுத்தார். அந்தந்த மண்ணின் மரங்களையே, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளாக நெருக்கி நடுவது. நமக்கும் கோயில்காடுகள் உண்டு. சோழமண்டலக் கரையின் உலக்கைப் பாலை, காயா, வீரை, இவற்றோடு புங்கை, பூவரசு என்று நட்டால் போதும், வெளிநாட்டு அலங்கார மரம் எதற்கு? 2016-இல் வர்தா புயலில் எத்தனை குல்மோகர் வேரோடு சாய்ந்தது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

நெருக்கமான குறுங்காட்டுக்குள் யாரும் உட்கார முடியாது, அதன் குளிர்ச்சியும் வெகுதூரம் எட்டாது. ஆகவே ஓரத்தில் திண்ணையும் தெருவோரத்தில் நிழல் மரங்களும் கட்டாயம். பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பில் மட்டும் ஒரு கன்றுகூட நடக்கூடாது. அது தண்ணீருக்கான இடம், நிரப்புவதற்குக் காலி மனை இல்லை.

முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீரும் களையெடுப்பும்தான் குறுங்காட்டின் உயிர். திறப்பு விழா முடிந்து கேட்டைப் பூட்டினால் அது குப்பைமேடாகும். இங்கேதான் ஓவியம் உதவும். வெளியூர்க் கலைஞர் வந்து வரைந்துவிட்டுப் போவதாக இல்லாமல், எந்த மரம், திண்ணை எங்கே, சுவரில் என்ன படம் என்பதை அந்த பிளாக் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். தான் வரைந்த சுவரின் அடியில் குப்பை கொட்ட யாருக்கும் மனசு வராது. பராமரிப்பையும் சேவை என்று சொல்லி அவர்கள் தலையில் கட்டக் கூடாது. அங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மூன்று வருடச் சம்பளத்தோடு மாநகராட்சி ஒப்படைக்க வேண்டும். அடுத்த குறுங்காட்டுக்கான பணம் ஒதுக்கப்படும்போது முதல் பெயராகக் கண்ணகி நகரும், அடுத்ததாக இதே போல மக்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கமும் இருக்க வேண்டும் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.